பூவைப் பிடித்த கை

"மனசுல இருக்கிறதை வரையக் கூடாதாப்பா?" என்று பள்ளி நாட்களில் ஒருமுறை தமயந்தி கேட்டாள். "எதிர்ல இல்லாததை வரைஞ்சா அது பொய்ம்மா. நான் பென்சிலையே தொடமாட்டேன்" என்றார் அப்பா. உலர்த்திய செடிகளையும் அவற்றின் படங்களையும் சேர்த்துவைக்கும் தாவர வரலாற்று நூலகத்துக்குச் செடிகொடிகளை வரைந்து தருவது அவர் வேலை. அவளும் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டாள். அவளுடைய மூன்று வயதிலேயே அம்மா இறந்துபோய்விட்டாள். வீட்டிலிருந்த போட்டோக்களை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அம்மாவின் முகம் அவளுக்கு நினைவில்லை.

இன்று நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். "காஞ்ச இலையைப் பார்க்க இவ்ளோ கூட்டமா!" என்று சிரித்தபடி, ஓய்வுபெற்றுவிட்ட அப்பாவும் கூட வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் வரைந்த காட்டுப்பூ ஒன்று. கடுகளவுப் பூ. அளவு தெரிவதற்காக ஒரு பெண்ணின் கை அதைப் பிடித்திருப்பதுபோல வரைந்திருந்தார். சுண்டுவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது. தமயந்தி தன் விரலைப் பார்த்தாள். "அப்படியே உங்கம்மா விரல்டி" என்று அத்தை சொல்லிச் சொல்லி மாய்கிற அதே வளைவு. அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே இருந்த ஆண்டைப் படித்தாள். அம்மா இறந்து ஆறு வருடம் கழித்து வரைந்த படம்.

"யார் கைப்பா இது?"

அப்பா பெட்டியின் பக்கமே திரும்பவில்லை. "சும்மா... ஏதோ ஒரு கைம்மா."

தமயந்தி அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா முகத்தை எனக்கு வரைஞ்சு குடுங்கப்பா."