ஞாயிற்றுக்கிழமைப் பிரதி

காணாமல் போன தம்பியைத் தேடி மங்கையர்க்கரசி ஆறு வருடமாக நடத்திவரும் வலைத்தளத்தில், இன்று காலை முதன்முறையாக ஒரு பின்னூட்டம் வந்தது. ‘அக்கா, நான்தான்’ என்று தொடங்கியது. மீதியைப் படிக்க அழுத்தினாள். பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“பிரவுசர்ல கேஷ் கிளியர் பண்ணீங்களா மேடம்?” தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் மூன்றாம் முறையாகத் தொலைபேசியில் கேட்டான்.

“எல்லாத்தையும் கிளியர் பண்ணியாச்சு. உங்க வாயைத்தான் இன்னும் பண்ணல.”

“அதே சர்வர்ல ஒரு ஜவுளிக்கடை சைட்டும் இருக்கு மேடம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். அந்த நெரிசல்ல உங்க டேட்டாபேஸ் உடைஞ்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை எடுத்து வச்ச பேக்கப் காப்பியைப் போட்டா சைட் வந்துடும்.”

“இன்னைக்கு வந்த பின்னூட்டம்?”

“அது போயிடும்.”

“போடாம விட்டா?”

“யார் வந்து பார்த்தாலும் வெள்ளையாத்தான் தெரியும் மேடம்.”

அவள் பல்லைக் கடித்தாள். “சேலை விக்கிறவனுக்கு என் சைட்டுதானா கிடைச்சுது? போட்டுத் தொலைங்க.”

தம்பியின் படம் திரும்பி வந்தது. கீழே ஒரு வரிகூட இல்லை.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

அவள் போனை வைத்தாள். படத்தின் கீழே தானே தட்டச்சு செய்தாள்: ‘நீ வந்ததைப் பார்த்தேன்டா. படிக்க விடல, பாவிங்க. இன்னொரு தடவை எழுது.’