நானூற்றுப் பதினேழு

ஆடுகோடியிலுள்ள வீட்டின் கூடத்தில் பெர்னதெத் கணவனின் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துக் காட்ட இரண்டு வருடம் உடம்பைப் பிழிந்த சிரில், இன்று காலைப் பந்தயத்தில் நீந்தும்போதே நெஞ்சடைத்துப் போய்விட்டான். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவன் மார்பில் கோடு கோடாக விழுகிறது. குளிர்ந்த தோளில் 417 என்ற போட்டி எண் மார்க்கர் மையில் கறுகறுவென்று நிற்கிறது. சோப்புக்கும் அசையவில்லை, தேங்காய் எண்ணெய்க்கும் அசையவில்லை. “விடுக்கா, கோட்டு போட்டா மறைஞ்சிடும். பெட்டி வந்தாச்சு” என்கிறாள் தங்கை ஆஞ்சலா. பெர்னதெத் துணியை மறுபடி நனைக்கிறாள். “தண்ணில அழிஞ்சிடும், நல்லா அழுத்தி எழுதுன்னாரு. நான்தான்டி ரெண்டு தடவ எழுதினேன்.”