ஒரு வரி

சுடர்விழியின் பேச்சு அனுமார் வாலாக நீள்கிறதென்று அவள் கணவன் குமரேசன் காதில் ‘சுருக்கி’ என்ற கருவியை மாட்டிக்கொண்டு ஆறு வருடமாகிறது. பேசுகிறவர் குரலை அடைத்துவிட்டு, சொன்னதையெல்லாம் ஒரே வரியாக அவன் கைக்கடிகாரத்தில் காட்டும். கதை எழுதுகிறவளுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். ஆனாலும் புதுக்கதை எதையும் காலைச் சாப்பாட்டின்போது அவனிடம்தான் முதலில் சொல்லிப்பார்ப்பாள்.

அன்று அவள் மடியில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருந்தது. ‘எனக்கு’ என்று ஆரம்பிக்க நா எழவில்லை. பழக்கதோஷம், கதையாகவே தொடங்கிவிட்டாள்.

“ஏங்க, ஒருத்தி. மார்ல கட்டி. புருஷன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நாலு மாசம் மறைச்சுட்டா. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு டாக்டர் கைவிரிச்சுட்டார்.” மடியிலிருந்த ரிப்போர்ட்டை இரண்டாக மடித்தாள். “அந்த ஒருத்தி நான்தாங்க.”

குமரேசன் தோசையிலிருந்து தலை தூக்கவில்லை. கடிகாரத்தில் வரி வந்தது. ‘புதுக்கதை. கடைசியில் நாயகி சாகப்போகிறாள். பாராட்டினால் போதும்.’

“நல்லா வந்திருக்கு,” என்றான். “முடிவ மட்டும் மாத்திடு. எப்பப் பாரு, பொம்பளையச் சாகடிச்சாத்தான் உனக்குக் கதையா?”

சட்னிக்காகத் தட்டை நீட்டினான்.