செம்பு தொட்ட இடம்

துரோகத்துக்கு ஆதாரம் ஃபயாஸின் சட்டைப் பையில் இருந்தது. ரம்பத்தால் அறுத்த ஒரு துண்டு சர்க்யூட் போர்டு. தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரும் வழியெல்லாம் பைக் குலுங்கும்போது அதன் முனை நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

கதவைத் திறந்தது கேஷவின் மனைவி நிஷா.

"வாங்கண்ணா. இன்னைக்காவது உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்க. போன தடவை மழை வருதுன்னு, உங்களை இவரு ரூம்ல உக்கார வெச்சுட்டு, நானும் இவரும் துணி எடுக்க மாடிக்குப் போனோம். இறங்கி வந்தா ஆளையே காணோம்."

"அன்னிக்கு அவசரம். இருக்கானா?"

"எங்க போவாரு? கம்ப்யூட்டர் முன்னாடிதான். தாலியை அதுக்குக் கட்டியிருக்கலாம்."

உள்ளறையில் கேஷவ் நாற்காலியைத் திருப்பிச் சிரித்தான். "இன்னா மச்சான், நீ வழி மறந்துட்டேன்னு நெனச்சேன்."

ஃபயாஸ் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தான்.

"இது இன்னான்னு பாரு."

கேஷவ் அதை எடுத்து, அறுத்த பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டினான். மேலும் கீழும் நூல்போலச் செம்பு அடுக்குகள். நடுவில், சூட்டை இழுத்துக்கொள்ள ஒரு அலுமினியத் தகடு.

"கார் ஹெட்லைட் போர்டு. யாருக்கு?"

"மறைமலை நகர்ல ஒரு கம்பெனிக்கு. சாம்பிள் அத்தனையும் டெஸ்ட்ல போச்சு. கரண்ட் விட்டதும் தகட்டோட ஷார்ட். சுத்தி இன்ஜினியருங்க. நான் கோட்டு மாட்டின பொம்மை மாதிரி நிக்கிறேன்."

கேஷவ் துண்டைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.

அவன் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் ஃபயாஸுக்குத் தாங்கவில்லை. இருவரும் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை கற்றவர்கள். ஃபயாஸ் தனியாகத் தொழில் தொடங்கியபின் எத்தனையோ போர்டுகளைக் கேஷவ் வரைந்து கொடுத்திருக்கிறான். எதை எப்போது கொடுத்தான் என்று அவனுக்கே நினைவிருக்காது. கேஷவ் வரைந்ததைத் திறந்து சரிபார்ப்பது அவனை அவமானப்படுத்துவது மாதிரி. இந்த முறையும் ஃபயாஸ் சரிபார்க்கவில்லை. நேராக ஃபாக்டரிக்கு அனுப்பினான்.

"ஓட்டையைப் பாருடா. செம்பு தகட்டைத் தொட்டுக்கினு நிக்குது. காலேஜ் பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குக் கரண்ட் போக, போர்டில் ஓட்டை போட்டு அதன் உள்சுவரில் செம்பு பூசுவார்கள். அந்தச் செம்பு அலுமினியத்தைத் தொடக்கூடாது. அதற்காகத் தகட்டில் முதலில் பெரிய ஓட்டை போட்டு, பிசின் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சின்ன ஓட்டை போடுவார்கள். கேஷவ் வரைந்ததில் பெரிய ஓட்டையே இல்லை. தகட்டிலும் சின்ன ஓட்டைதான்.

"ஃபாக்டரியில போய்ச் சண்டை போட்டேன். 'ஃபைல்ல இருக்கறபடிதான் சார் போட்டோம்'னான். திறந்து பாத்தா அவன் சொன்னது சரி. தலையைத் தொங்கப் போட்டுக்கினு வந்தேன்."

"மறைமலை நகர்ல எந்தக் கம்பெனி?"

ஃபயாஸ் பெயரைச் சொன்னான்.

கேஷவ் துண்டை மெல்ல மேஜைமேல் வைத்தான். நிஷா டீயோடு வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். டம்ளர்களை வைத்துவிட்டுப் போனாள்.

"திங்கக்கிழமை சரியான ஃபைல் காட்டலேன்னா ஆர்டர் போச்சு," என்றான் ஃபயாஸ். "நானே மாத்திப் பாத்தேன். ஓட்டையெல்லாம் கிட்டக் கிட்ட கீது. பெருசாக்கினா ஒன்னோட ஒன்னு முட்டுது. இந்த ஆர்டர் இல்லேன்னா ஆபீஸைப் பூட்டிட்டு மறுபடி எவங்கிட்டயாவது கைகட்டி நிக்கணும். உனக்கு இன்னாடா, இங்க ஃபேன் காத்துல உக்காந்திருக்கே."

கேஷவ் துண்டை மறுபடி கையில் எடுத்தான்.

"வேற எவன் டிசைனா இருந்தாலும் நாலு தடவை பாத்திருப்பேன். உன்னோடதாச்சேன்னு கண்ணை மூடிக்கினு நம்புனேன். நம்புனவன் கழுத்தை அறுத்துட்டியே."

சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை.

கேஷவ் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். கோபப்படுவான், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்பான் என்று ஃபயாஸ் எதிர்பார்த்தான். அவன் இரண்டும் செய்யவில்லை.

"முதல்ல எல்லாத்தையும் சும்மா அடுக்கி வெச்சுப் பாப்பேன்," என்றான் தாழ்ந்த குரலில். "அப்புறம் ஒவ்வொண்ணா நகர்த்தி இடம் ஒதுக்குவேன். தகட்டுல ஓட்டையைப் பெருசாக்குறது கடைசி வேலை. அனுப்புற அன்னிக்குத்தான் அதைத் தொடுவேன். எப்பவும் அப்படித்தான்."

"அப்ப இதுல மட்டும் ஏன்டா செய்யல?"

கேஷவ் துண்டிலிருந்து கம்ப்யூட்டர் திரைக்குப் பார்வையைத் திருப்பினான்.

"இதை நான் இன்னும் யாருக்குமே அனுப்பலையே, மச்சான்."