ஒரு நட்டு வித்தியாசம்

கண்டக்குழிப் படகு எஞ்சின் பட்டறையின் தலைவர் தேர்தலில், சுஹைர் ஒரே ஒரு வாக்கால் தோற்றுப்போனார்.

அங்கே வாக்குச்சீட்டு கிடையாது. அங்கத்தவர் ஆளுக்கொரு புது நட்டோடு திரைக்குப் பின்னால் போய், தமக்குப் பிடித்தவரின் டின்னுக்குள் போட வேண்டும். பழைய தலைவர் என்ற முறையில், காலையில் வாசலில் நின்று நாற்பத்தொரு பேருக்கும் நட்டுக் கொடுத்தவர் சுஹைர்தான். எண்ணியபோது அவருக்கு இருபது, எதிர்த்து நின்ற றஸ்மிக்கு இருபத்தொன்று.

எல்லோரும் கலைந்ததும் சுஹைர் கலீலைக் கையைப் பிடித்து நிறுத்தினார். யுத்தம் முடிந்த வருஷம் இருவருமாகக் கொட்டில் போட்டுத் தொடங்கிய பட்டறை அது.

"ஏன் மச்சான் இப்பிடிச் செஞ்ச?" சுஹைர் பிடித்த கையை விடாமல் கேட்டார். "ஊரே எதிரா நிண்டாலும் நீ என்னோட நிப்பாய் எண்டுதானே நெனச்சன்!"

"நான் ஒனக்குப் போடல்ல எண்டு ஆரு சொன்ன?"

சுஹைர் றஸ்மியின் டின்னை மேசையில் கவிழ்த்தார். கிளறி ஒரு நட்டை எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தில் அரத்தால் இழுத்த மெல்லிய கீறல்.

"இது ஒனக்கு நான் தந்த நட்டு. இப்ப பொய் சொல்லு பாப்பம்!"

கலீல் மேசையில் கிடந்த மற்ற நட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் இல்லை.

"ஒன்ட டின்னுக்கு மேலதான் கைய நீட்டினன், சுஹைர்," என்றார். "அப்பதான் இந்தக் கீறல் வெரல்ல பட்டிச்சு."