ஏழாவது பாக்கெட்

"இந்தப் பாக்கெட்டை யாரோ ஏற்கெனவே பிரிச்சிருக்காங்க, மெர்ல்" என்றான் லோவல், அதைக் கடையின் கண்ணாடி மேஜைமேல் குப்புறப் போட்டு.

மெழுகுத்தாளின் மடிப்பில் ஒட்டிய தடம் இரண்டு இருந்தது. பிரித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மறுபடி ஒட்டினால்தான் அப்படி வரும். நல்ல கார்டை உருவிக்கொண்டு, உதவாததை உள்ளே வைத்து ஒட்டி விற்பது இந்தத் தொழிலில் பழைய திருட்டு. இந்தியானாவில் கூடைப்பந்து வீரர்களின் படம் போட்ட கார்டு சேர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

லோவலுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். மார்ச்சில் நெஞ்சுவலி வந்து பிழைத்தவன் அவன். வேலைக்கும் போகாமல் சுவரை முறைத்துக்கொண்டு கிடந்தவன் முன்னால், மனைவி ஜனீன் நிலவறையிலிருந்து ஒரு பழைய ஷூ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பத்து வயதில் அவன் சேர்த்த கார்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் எல்.பி., அதாவது லோவல் ப்ரூயிட். பள்ளிக்கூடத்தில் கார்டு கைமாறித் தொலையாமலிருக்க அவன் வகுப்புப் பையன்கள் எல்லோரும் செய்த வேலைதான். எழுதியே கெடுத்துவைத்திருக்கிறாயே, இதையெல்லாம் இனி எவன் வாங்குவான் என்று ஜனீன் சிரித்தாள். அவனும் சிரித்தான், பல வாரம் கழித்து.

கார்டுகளின் வரிசை எண்ணைப் பார்த்தால் ஏழு குறைந்தன. பெரியம்மா மகன் டேரல் சுட்டவை அவை. அதில் லோவலுக்குச் சந்தேகமே கிடையாது. முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு நவம்பர் விருந்திலும் வான்கோழியோடு டேரலையும் சேர்த்து வறுத்தெடுக்கிறான்.

ஒஹையோவிலிருந்து வந்து புதிதாகக் கடை போட்டிருந்த மெர்லிடம் அந்த ஏழு எண்களையும் எழுதி, கீழே தன் பேரையும் போட்டுக் கொடுத்தான். சனிக்கிழமைதோறும் அவர் எடுத்துத் தந்தது அந்தக் கார்டுகள் வந்த 1989ஆம் வருடத்துப் பிரிக்காத பாக்கெட் ஒன்று. ஆறு வாரத்தில் ஆறு பாக்கெட். ஒவ்வொன்றிலும் அவன் தேடிய கார்டு ஒன்று. துள்ளிக் குதிக்காத குறை. சனிக்கிழமைக்காகவே மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டான்.

இப்போது யோசித்தால் அந்த ஆறு கார்டுகளுக்கும் முனை மழுங்கியிருந்தது. பிரிக்காத பாக்கெட்டில் இருந்த கார்டுக்கு முனை எப்படி மழுங்கும்?

"உங்களை ரொம்ப நம்பினேன்" என்றான். "எதை எடுத்துக்கிட்டீங்க?"

மெர்ல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் லோவல் வயதுதான் இருக்கும்.

"எதையும் எடுக்கலை. பிரிச்சுப் பாருங்க."

லோவல் பிரித்தான். அந்தக் காலத்தில் கார்டோடு சேர்த்து வைத்த சூயிங்கம், காய்ந்து பலகையாகிப்போயிருந்தது. அதன் கீழே ஒவ்வொரு கார்டாகத் தள்ளினான். ஐந்தாவதாக வந்தது அவன் பட்டியலில் மிச்சமிருந்த ஒரே எண். அதிலும் நாலு முனையும் மழுங்கல். முதுகைத் திருப்பினான்.

பென்சிலில், கோணல்மாணலாக, எல்.பி.

அவன் கையெழுத்தேதான்.

"டேரல் உங்ககிட்டயா வித்தான்?"

மெர்ல் இல்லையென்று தலையை ஆட்டினார். "மத்த ஆறுலயும் ரப்பர் போட்டு அழிச்சுட்டேன். இதுல மட்டும் மனசு வரலை. நேரா கையில குடுத்தா நீ வாங்கியிருக்க மாட்டே."

இதுவரை அவர் லோவலை 'நீ' என்று கூப்பிட்டதேயில்லை.

"டேரல் பாவம், விட்டுடு" என்றார் மெர்ல். "நாலாம் வகுப்புல ஒரே ஒரு குளிர்காலம் நான் உனக்குப் பின்பெஞ்சு. எங்க வீடு எரிஞ்ச மறுநாள் எல்லாரும் சட்டை, கம்பளின்னு கொண்டுவந்தாங்க. நீ மட்டும்தான்டா உன்கிட்ட இருந்ததிலேயே நல்ல கார்டா ஏழு எடுத்துட்டு வந்து என் கையில வச்சே."