ஸ்டெப்னி தாங்கி

மோன்சே ஊரில், சோல்வேயின் பழைய பிக்கப்புக்கு அடியில் ஸ்டெப்னியைத் தாங்கும் கம்பி, அந்த மாதம் மூன்றாவது முறையாக அறுந்திருந்தது. டயரைக் காணவில்லை. வண்டி ஒரு வாரமாக முற்றத்தை விட்டு நகரவில்லை; சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.

வெல்டர் ஹபேன்சு வண்டிக்கடியில் படுத்து, கம்பிக்குப் பதிலாகச் சங்கிலி மாட்டினான். "இனிமே யானை இழுத்தாலும் விழாதுக்கா."

அப்போது கொழுந்தன் சியமே அந்த டயரை உருட்டிக்கொண்டு வந்தான். வயல் தகராறில் அவனோடு பேச்சில்லை. சாகும்போது கணவன், "தம்பி வீட்டுப் பச்சத்தண்ணிகூடத் தொடக்கூடாது" என்று கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான். மாமியார் சாவுக்குக்கூட அவள் அங்கே போகவில்லை.

"அண்ணி, டயரு மறுபடியும் எங்க வாசல்ல கிடந்துச்சு. கம்பியை மாத்தச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"அவரு செத்து ஒரு வருஷமாச்சு."

"தெரியும் அண்ணி. மண்ணு தள்ளினவனே நான்தானே. ஆனா வாராவாரம் இந்த வண்டியிலதான் வர்றாரு. என்சிமாக் களி சாப்பிட்டு, சிரிச்சுப் பேசிட்டுப் போறாரு. 'நமக்குள்ள எல்லாம் தீந்துபோச்சு, அவதான் இன்னும் வீம்பு பிடிக்கிறா'ன்னு வருத்தப்படுறாரு."

சோல்வே இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டிக்கடியில் குனிந்தாள்.

"ஹபேன்சு, அந்தச் சங்கிலியைக் கழட்டு. நாலு சக்கரத்தையும் சேத்துக் கட்டு."